சாஃப்ட் சில்க்கில் மயில் எம்ப்ராய்டரி: ஃப்ரேமைக் கழற்றியதும் சுருக்கம் விழுகிறது, எதை முதலில் மாற்றுவது?

மதுரை ஊசிநூல்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எம்ப்ராய்டரியை இதுவரை வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் ஒற்றை ஊசி கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று வாங்கியாயிற்று. காட்டன் சுடிதார் கழுத்து, கைக்குட்டையில் பெயர் எழுத்து எல்லாம் குறையில்லாமல் வருகிறது. பட்டு என்று வந்தால்தான் தகராறு.

தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு பிளவுஸ். அரக்குக் கலர் சாஃப்ட் சில்க், இரண்டு கையிலும் மயில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சேலையோடு வந்த பிளவுஸ் பீஸில் இன்னும் ஊசி வைக்கவில்லை. அதே ரகத்தில் அரை மீட்டர் தனியாக வாங்கித் தைத்துப் பார்த்தேன். மெஷினில் ஓடும்போது பார்க்க அவ்வளவு அழகு. ஃப்ரேமைக் கழற்றிய உடனே மயில் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது, தோகையைச் சுற்றித் துணி சுருங்கிக் கிடக்கிறது. அயர்ன் போட்டால் சரியான மாதிரி தெரியும், சூடு ஆறினதும் பழையபடி ஆகிவிடும்.

செட்டிங் எல்லாம் சொல்லிவிடுகிறேன். டிசைன் விலைக்கு வாங்கியது, டிஎஸ்டி ஃபைல், 15 செ.மீ. உயரம், 18,000 தையல். கைக்குப் பெரிதாக இருக்கும் என்று மெஷின் திரையிலேயே 12 செ.மீ.க்குக் குறைத்துக்கொண்டேன். துணி அசையாமல் இருக்க அடியில் வைத்து, தைத்ததும் கிழித்தெடுக்கிற பேப்பர் ஒரு தாள். 40 நம்பர் பாலியெஸ்டர் நூல், 90/14 ஊசி, வேகம் நிமிஷத்துக்கு 800 தையல். ஃப்ரேமில் மாட்டித் திருகை இறுக்கிய பிறகு நாலு பக்கமும் துணியை இழுத்துவிடுகிறேன். விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இதில் எதை முதலில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

கோவை பாபின்

பேப்பரை இரண்டாக்குங்கள். மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்துங்கள். பட்டுக்கு 90 ஊசி ரொம்பப் பெரிது, 75/11 போடுங்கள். வேகம் 600க்கு மேல் வேண்டாம். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

சென்னிமலைக்காரி

ஊசியும் வேகமும் பற்றி மேலே சொன்னது சரி. பேப்பரை இரண்டாக்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தங்கச்சி. உங்கள் துணியில் இரண்டு விதக் கோளாறு ஒன்றாக இருக்கிறது, ஒன்றுக்கும் பேப்பர் கனம் மருந்து இல்லை.

எங்கள் வீட்டில் தறி ஓடியது, அதனால் நான் எந்தத் துணியையும் பாவும் (நெடுக்கு இழை) ஊடையுமாகத்தான் (குறுக்கு இழை) பார்ப்பேன். சாஃப்ட் சில்க்கில் இழை மெல்லிசு, அடர்த்தி நெருக்கம். பாவு இழைக்கும் பாவு இழைக்கும் நடுவில் இடமே கிடையாது. அந்த நெருக்கத்துக்குள் நாம் புதிதாக நூலைக் கொண்டுபோய்ச் சொருகுகிறோம். ஒவ்வொரு தடவை ஊசி இறங்கும்போதும் பக்கத்து இழை நகர்ந்து இடம் விட வேண்டும். நகர இடம் இல்லாதபோது துணி மேலே எழும்பும். காட்டனில் வராத சுருக்கம் பட்டில் வருவதற்கு இது பெரிய காரணம். ஆகவே பட்டில் வேலை செய்யும்போது எத்தனை நூல் உள்ளே போகிறது, போவதற்கு முன்னால் துணி எந்த நிலையில் இருந்தது, இந்த இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுவில் உப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஃப்ரேமில் இழுத்ததால் வருவது. மீதி இருக்கும் அந்த அரை மீட்டரில் இதை நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். துணியை மேசையில் தட்டையாகப் போட்டு, மார்க்கிங் பேனாவால் பாவு நேரே, ஊடை நேரே ஓரம் வைத்து 10 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். நடுவில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. இப்போது வழக்கம்போல ஃப்ரேமில் மாட்டி, வழக்கம்போல இழுத்துவிட்டு, அதே சதுரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். 10.2, 10.3 என்று காட்டினால் துணி 2, 3 சதவீதம் நீண்டிருக்கிறது. கோடுகள் நேராக இருக்கின்றனவா, திருகுப் பக்கம் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வளைவு இருந்தால் அந்த இடத்தில் இழை கோணலாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நீண்ட நிலையில் மயிலைத் தைத்துவிடுகிறீர்கள். தையல் துணியை 10.3லேயே பிடித்துக்கொள்கிறது. ஃப்ரேமைக் கழற்றியதும் வெளியே இருக்கும் துணி 10க்குத் திரும்புகிறது. நடுவில் அதிகப்படியாக நிற்கும் 3 மி.மீ. எங்கே போகும்? மேலே எழும்பி நிற்கும். அயர்ன் அதைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான்.

அதனால் மேளச் சத்தம் துணியில் வர வேண்டாம், பேப்பரில் வரட்டும். பேப்பரை மட்டும் ஃப்ரேமில் மாட்டி நன்றாக இறுக்குங்கள். அதன்மேல் துணியை இழுக்காமல் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே மெதுவாக நீவிவிட்டு, டிசைன் விழும் இடத்துக்கு வெளியே சுற்றிலும் கையால் ஓட்டுத் தையல் போட்டு விடுங்கள். உங்கள் மெஷினில் சுற்றிக் கட்டம் போடும் பேஸ்டிங் வசதி இருந்தால் அதுவே போதும். ஸ்ப்ரே கம் அடிப்பவர்களும் உண்டு. பட்டில் நேரே அடித்தால் கறை விழலாம், அடிப்பதானால் பேப்பர்மேல் அடித்து, மெஷினைவிட்டுத் தள்ளி நின்று அடியுங்கள்.

துணியையும் சேர்த்தே ஃப்ரேமில் மாட்டுவதானால், திருகை முதலிலேயே சரியான அளவுக்குத் தளர்த்தி, துணி பேப்பர் இரண்டையும் வைத்து, உள் வளையத்தை ஒரே அமுக்கில் இறக்கிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். இறுக்கின பிறகு இழுப்பது என்பதே இருக்கக் கூடாது. உள் வளையத்தில் காட்டன் நாடா சுற்றிவிட்டால் பட்டு வழுக்காது, பளபளப்பில் ஃப்ரேம் தடமும் விழாது. 12 செ.மீ. மயிலுக்கு 14×14 ஃப்ரேம் போதும். 20×20 போட்டால் நடுவில் துணி ஆடிக்கொண்டே இருக்கும்.

சரி, இரண்டாவது கோளாறு: ஃபைல். இதுதான் தோகையைச் சுற்றி வரும் சுருக்கத்துக்குக் காரணம் என்பது என் கணக்கு. டிஎஸ்டி ஃபைலில் இருப்பது ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்ற புள்ளிகள் மட்டும். இது இலை, இது கழுத்து என்ற விவரம் அதில் கிடையாது. பல வீட்டு மெஷின்கள் திரையில் சின்னதாக்கும்போது புள்ளியைக் குறைப்பதில்லை, நெருக்கி வைக்கின்றன. குறைத்த பிறகும் திரையில் 18,000 என்றே காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் 15ஐ 12 ஆக்கும்போது உயரத்திலும் அகலத்திலும் ஐந்தில் ஒரு பங்கு போய், பரப்பு 64 சதவீதமாகிவிட்டது. அதற்குள் அதே 18,000 தையல். 40 நம்பர் நூலுக்கு வரிசைக்கு வரிசை 0.40 மி.மீ. விடுவது வழக்கம், அது இப்போது 0.32 ஆகிவிட்டது. ஏற்கெனவே இடமில்லாத துணியில் ஒன்றரை மடங்கு தையல்! தோகைக்குள் துணி சுருங்குகிறது, வெளியே இருக்கும் துணி சுருங்கவில்லை, அதனால் ஓரத்தில் கொசுவம் விழுகிறது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் விறைப்பாகவும் இருக்கும்.

இதை மெஷினில் சரிசெய்ய முடியாது. டிசைன் கொடுத்தவரிடம் அவர் வரைந்த மூல ஃபைல் இருக்கும், அதிலிருந்து 12 செ.மீ.க்கு எடுத்துக் கேளுங்கள். தையல் எண்ணிக்கை 12,000 பக்கம் வந்தால் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்கும்போது துணி சாஃப்ட் சில்க் என்று சொல்லி, ஃபில் (பரப்பை நிரப்பும் தையல்) வரும் இடங்களில் இடைவெளி 0.42 முதல் 0.45 வரை வைக்கச் சொல்லுங்கள். அண்டர்லே கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மேல் தையலுக்கு முன்னால் அகல அகலமாக ஓடும் அந்தத் தையல்தான் துணியையும் பேப்பரையும் ஒன்றாகக் கட்டுகிறது. அது இல்லாமல் நேரே அடர்த்தியான ஃபில் ஓடினால் துணி பேப்பர்மேல் நழுவிக்கொண்டே போகும். தையல் வரிசையும் முக்கியம். உடல், கழுத்து, பிறகு தோகையின் உள்வரிசை, கடைசியில் வெளி வரிசை. வெளியே ஓரத்தை முதலில் தைத்துவிட்டு உள்ளே வந்தால், உள்ளே தள்ளப்படும் துணிக்கு வெளியேற வழி இருக்காது.

பேப்பர் கனத்தைவிட ரகம் முக்கியம். கிழிக்கும் பேப்பரை ஊசி துளைத்துத் துளைத்துப் பாதியிலேயே அறுத்துவிடும், தோகை முடியும்போது அடியில் பிடிமானமே இருக்காது. மிச்சத்தை மட்டும் வெட்டி எடுக்கிற கட் அவே ரகம் வாங்குங்கள். 50 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 50 கிராம்) மெல்லிசு போதும், பிளவுஸுக்கு எப்படியும் லைனிங் வரும், உள்ளே தங்கும் பேப்பர் உடம்பில் உறுத்தாது. அதற்கும் முன்னால் பட்டின் பின்பக்கம் மெல்லிய ஃப்யூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டிவிட்டால் இழைகள் அசையாமல் நிற்கும். பட்டு சூட்டிலேயே, பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

அப்புறம், கையை வெட்டின பிறகு எம்ப்ராய்டரி போடாதீர்கள். பீஸில் கையின் வடிவத்தை வரைந்து, தைத்து முடித்து, அயர்ன் போட்டு, மறுபடி அளந்து அதற்குப் பிறகு வெட்டுங்கள். வளைவில் கோண இழை வரும், அங்கே வெட்டுவாயோடு ஃப்ரேமில் மாட்டினால் கட்டாயம் இழுபடும். கைக்கு பார்டர் வந்தால் ஜரிகைமேல் வளையம் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் தடிப்பு, வளையம் ஒரு பக்கம் கடித்து மறுபக்கம் விட்டுவிடும்.

இந்த வரிசையில் மாற்றுங்கள்: முதலில் ஃப்ரேம் போடும் விதம், அடுத்து ஃபைல், அடுத்து பேப்பர், கடைசியில்தான் டென்ஷன்.

திருப்பூர் காலர்

டி-ஷர்ட் நெஞ்சில் லோகோ போடுகிற ஜாப் ஒர்க் எங்களுடையது. பின்னல் துணிக்கும் இதே கதைதான், இன்னும் ஒரு படி மோசம், ஏனென்றால் பின்னல் எல்லாப் பக்கமும் நீளும். போலோ துணியில் கிழிக்கும் பேப்பர் போட்டால் மெஷினிலிருந்து வரும்போது பிரமாதமாக இருக்கும். ஒரு துவைப்பு கழிந்ததும் பேப்பர் நைந்து, பிடிக்க ஆளில்லாமல் லோகோ சுருண்டுவிடும். கட் அவே தவிர வேறு எதுவும் நாங்கள் போடுவதில்லை. ஊசி 75/11 உருண்டை முனை. மேலே தண்ணீரில் கரையும் ஷீட், இல்லாவிட்டால் எழுத்து துணிக்குள் புதைந்துவிடும்.

அக்காவிடம் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. துணியை ஃப்ரேமில் மாட்டாமல் பேப்பர்மேல் மிதக்கவிடுவது ஒன்று இரண்டு பீஸுக்குச் சரி. பல தலை ஒன்றாக ஓடுகிற மெஷினில் அது நகர்ந்துவிடும், அவுட்லைன் தள்ளிப்போகும். நாங்கள் துணி, பேப்பர் இரண்டையும் சேர்த்தே வளையத்தில் மாட்டுகிறோம். மாட்டும் ஆளுக்குக் கை பழகினால் நீளாமல் மாட்ட முடியும்.

சென்னிமலைக்காரி

நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நாள் முழுக்க ஒரே லோகோ, ஒரே துணி என்றால் கை தானாகவே அளவு பிடித்துவிடும். கல்யாண பிளவுஸில் இருப்பது இரண்டே கை, அதே பட்டு வேறு எங்கேயும் கிடைக்காது. அதனால்தான் மிதக்கவிடச் சொன்னேன். ஆனால் மிதக்கவிடும்போது ஓட்டுத் தையல் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஒட்டாமல் மிதந்தால் நீங்கள் சொன்ன மாதிரி அவுட்லைன் கட்டாயம் தள்ளிப்போகும்.

மதுரை ஊசிநூல்

அக்கா, சதுரம் வரைந்து பார்த்தேன். இழுத்த பிறகு நெடுக்கே 10.1, குறுக்கே 10.3. திருகுப் பக்கம் கோடு நன்றாகவே வளைந்திருந்தது. குறைத்த ஃபைலைத் திரையில் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே 18,000.

பேப்பரை மட்டும் இறுக்கி, துணிக்கு ஓட்டுத் தையல் போட்டு ஒரு மயில் தைத்தேன், ஃபைல் பழையதுதான். உப்பல் போய்விட்டது, ஓரக் கொசுவம் அப்படியே இருந்தது. அதற்குள் டிசைனர் புது ஃபைல் அனுப்பிவிட்டார், 11,900 தையல். ஃப்யூசிங், கட் அவே, 75/11 ஊசி, வேகம் 600 எல்லாம் வைத்துத் தைத்ததில் தோகை படிந்து உட்கார்ந்துவிட்டது. தொட்டால் துணி மாதிரியே இருக்கிறது.

மிச்சம் ஒன்றுதான். மயில் கழுத்து சாட்டினில் (கரைக்குக் கரை குறுக்கே ஓடும் நெருக்கமான தையல்) வருகிறது. அதன் இரண்டு பக்கமும் தையலை ஒட்டிப் பொடிப் பொடியாகச் சுருக்கம் நிற்கிறது, தலைமேல் கொண்டையிலும் அப்படியே. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், இரண்டு ஓரமும் கலர் நூல். புத்தகத்தில் போட்டிருக்கும் படம் மாதிரியே இருக்கிறது, அப்படியானால் டென்ஷன் சரிதானே?

சென்னிமலைக்காரி

மூன்றில் ஒரு பங்கு என்பது மேல் நூலும் அடி நூலும் ஒன்றுக்கொன்று சமமாக இழுக்கின்றன என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு பலமாக இழுக்கின்றன என்று சொல்லாது. இரண்டும் தளர்வாக இருந்தாலும் அதே படம் வரும், இரண்டும் முறுக்கேறி இருந்தாலும் அதே படம்தான் வரும். உங்களுக்கு இரண்டும் இறுக்கம். தையலை ஒட்டியே பொடிச் சுருக்கம் வந்து, கொஞ்சம் தள்ளித் துணி தட்டையாக இருந்தால் அது நூல் இழுக்கிற இழுப்பு.

பாலியெஸ்டர் நூலுக்கு நீளும் குணம் உண்டு. இறுக்கமான டென்ஷனில், வேகத்தில் ஓடும்போது நீண்டுகொண்டே தையலில் உட்காரும், அப்புறம் சுருங்கும். சுருங்கும்போது சாட்டினின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்த்து இழுக்கும். மெஷினில் இருக்கும்போது நன்றாக இருந்து, எடுத்து வைத்த பிறகு பொடிச் சுருக்கம் தெரிய வருவது இதனால்தான்.

முதலில் மேல் நூல். ஊசியில் நூல் கோத்து, கால் இறக்கிய நிலையில் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும், ஊசி வளையும் அளவுக்கு எதிர்க்கக் கூடாது. நூல் கண்டு மாட்டும் மூடி கண்டைவிடப் பெரிதாக இருந்து நூல் அதில் உரசுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே இறுக்கத்தைக் கூட்டிவிடும்.

அடுத்து பாபின். கேஸை வெளியே எடுக்கிற ரகமானால் நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு சுண்டு சுண்டுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. அசையாமல் தொங்கினால் இறுக்கம், சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு. படுக்கை பாபின் என்றால் கேஸோடு நூலை இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திருகைத் தொடுவதற்கு முன்னால் அது இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வழி வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றில் பாதியைத் தாண்டாமல் தளர்த்துங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தாலும் இறுக்கும், முதலில் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் திருகைத் தொடுங்கள். பாபின் தளர்ந்ததும் பின்பக்கம் வெள்ளை அதிகமாகத் தெரியும், மேல் டென்ஷனை அதற்கேற்ப இறக்கி மறுபடி மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவாருங்கள். படம் அதேதான், இழுப்பு மட்டும் குறைந்திருக்கும்.

அந்தக் கழுத்துக்கு ரேயான் நூல் போட்டுப் பாருங்கள். பாலியெஸ்டர் அளவுக்கு அது நீளாது, பட்டுமேல் அதன் பளபளப்பும் கச்சிதம். சாயம் நிற்பதில் பாலியெஸ்டர் ஒரு படி மேல், ஆனால் கல்யாண பிளவுஸை யாரும் ப்ளீச்சில் போடப்போவதில்லை.

கழுத்து சாட்டின் எவ்வளவு அகலம்? 7 மி.மீ. தாண்டினால் டிசைனரிடம் சொல்லி நடுவில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். நீளத் தையல் ஒவ்வொன்றும் தனி இழுப்பு இழுக்கும், மாட்டி அறுபடவும் செய்யும்.

கோவை பாபின்

மூன்றில் ஒரு பங்கு விஷயம் எனக்கும் புதுசு அக்கா. ஒரு சந்தேகம். எல்லாம் சரியாக வந்து, வாடிக்கையாளர் ஒரு தடவை நனைத்த பிறகு சுருங்கினதாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்களே, அது எதனால்?

சென்னிமலைக்காரி

துவைத்த பிறகு வருவது எம்ப்ராய்டரி போட்ட அன்றைக்கு வந்த கோளாறு இல்லை. அடுக்குகளில் ஏதோ ஒன்று தண்ணீரில் சுருங்கியிருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸை நனைத்துக் காயவைத்துத்தானே தைக்கிறோம்? அதே வழக்கத்தை எம்ப்ராய்டரிக்கும் கொண்டுவர வேண்டும். காட்டன் துணி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், நூல் அவ்வளவு சுருங்காது. நனைக்காத காட்டனில் அடர்த்தியாகத் தைத்துக் கொடுத்தால், முதல் துவைப்பில் துணி சுருங்கி எம்ப்ராய்டரி மட்டும் பழைய அளவில் எழும்பி நிற்கும். பட்டு பிளவுஸில் லைனிங் இந்த வேலையைச் செய்யும், அதனால் லைனிங் காட்டனை நனைத்துக் காயவைத்து அயர்ன் போட்டே வெட்டுங்கள். நெய்த காட்டன் ஃப்யூசிங் போடுகிறவர்கள் அதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழியாமல் விரித்துக் காயவைத்துவிடுங்கள். பட்டை மட்டும் நனைக்க வேண்டாம், ஸ்டீம் காட்டினால் போதும்.

இன்னொன்று, சுருங்கின பீஸைக் காப்பாற்ற முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நூல் இழுப்பால் வந்த பொடிச் சுருக்கம் ஓரளவு அடங்கும். தடித்த டவலை விரித்து, எம்ப்ராய்டரி முகம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கம் ஸ்டீம் காட்டி, பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்தி, துணி முழுக்க ஆறும்வரை நகர்த்தாமல் விட வேண்டும். சூட்டோடு எடுத்தால் திரும்பச் சுருங்கும். ஆனால் ஃப்ரேமில் இழுத்துத் தைத்தது எந்த அயர்னுக்கும் அடங்காது. அளவே தப்பாகப் பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டைத் திறக்காமல் சரியாகாது.

மதுரை ஊசிநூல்

பாபினைக் கொஞ்சம் தளர்த்தினேன் அக்கா, உள்ளே பஞ்சும் நிறைய இருந்தது. மேலே 4ல் இருந்ததை 2.6க்குக் கொண்டுவந்தேன். கழுத்து 6 மி.மீ. தான், பிரிக்கவில்லை. ரேயான் நூல் போட்டுத் தைத்ததில் பொடிச் சுருக்கம் போய்விட்டது. ராத்திரி மேசைமேல் வைத்துக் காலையில் பார்த்தேன், அப்படியே தட்டையாக இருக்கிறது. நாளைக்கு உண்மையான பீஸில் வைக்கப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. தோகைக் கண்ணில் மட்டும் தங்க ஜரி நூல் வேண்டுமாம். அதற்கு வேறு செட்டிங் வேண்டுமா?

சென்னிமலைக்காரி

ரொம்ப சந்தோஷம்மா. ஜரி நூலுக்கு மட்டும் 90/14 ஊசி, பெரிய காது இருக்கும் மெட்டாலிக் ஊசி கிடைத்தால் நல்லது. சின்னக் காதில் உரசிப் பிரிந்துவிடும். வேகம் 400, மேல் டென்ஷன் இப்போது இருப்பதைவிட இன்னும் இறக்கம். ஜரிக்கு இடைவெளி 0.50 பக்கம் வேண்டும், அதனால் கண்ணைத் தனிக் கலராகப் பிரித்துத் தரச் சொல்லி டிசைனரிடம் கேளுங்கள். அதைக் கடைசியில் தையுங்கள், ஊசி மாற்ற ஒரு தடவை நிறுத்தினால் போதும். முடித்த பிறகு அயர்ன் வைக்கும்போது சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஜரி நூலின் மேல் படலம் சூட்டில் கருத்துவிடும்.

இரண்டு கைக்கும் மயில் முகம் எதிரெதிரே பார்க்க வேண்டும் என்றால் ஒன்றைத் திரையில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம், அதில் தையல் அடர்த்தி மாறாது. தைக்கும் முன் இரண்டு கையிலும் பாவு ஒரே திசையில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.